ஊர் எல்லையில் நிற்கும் நடுகல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ வேப்பமரத்தடியிலோ ஒரு பலகைக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் வில்லோ வாளோ ஏந்திய ஓர் ஆள் இருப்பான், தலைக்கு மேல் சில வரி எழுத்தும் இருக்கலாம். ஊர்க்காரர்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். அது பெரும்பாலும் அந்த ஊரைக் காக்கப் போய்ச் செத்தவனின் நினைவுக்கல். நடுகல் என்பது இதுதான், நம் ஊர்களின் போர் நினைவுச் சின்னம். இப்படியொரு கல் தங்கள் ஊரில் இருப்பதைக் கண்டவர்கள் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று பல கேள்விகள் கேட்கிறார்கள். அவற்றில் அடிக்கடி வருபவை இவை.

நடுகல்லை யாருக்காக நட்டார்கள்?

பெரும்பாலும் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த வீரனுக்கு. கவர்ந்து வரப் போய் இறந்தவனுக்கும் உண்டு, மீட்கப் போய் இறந்தவனுக்கும் உண்டு. அரசர்களின் பெரும்போரில் பட்டவனுக்கும், ஊருக்குள் வந்த புலியோடு பொருது மாண்டவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். கொங்குப் பகுதியில் புலிக்குத்திக் கல் என்று சொல்வது இந்தக் கடைசி வகை.

நடுவதற்கும் ஒரு முறை இருந்தது. தொல்காப்பியம் அதை ஆறு படிகளாகச் சொல்கிறது. தகுந்த கல்லைப் போய்ப் பார்ப்பது காட்சி, எடுத்துவரும் வேலையைத் தொடங்குவது கால்கோள், நீராட்டுவது நீர்ப்படை. அப்புறம் நடுதல், படையல் போடும் பெரும்படை, கடைசியாக வாழ்த்து. தகடூர் அதியமான் இறந்தபோது அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் பாடி அழுதிருக்கிறார். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதே மண்ணில் இன்றும் நடுகல்லுக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

எவ்வளவு பழைய கற்கள் கிடைத்திருக்கின்றன?

தேனி மாவட்டம் ஆண்டிப்பட்டி வட்டத்தில், வைகைக் கரையை ஒட்டிய புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று கற்களைக் கண்டார்கள். மூன்றிலும் தமிழ்-பிராமி எழுத்து. ஒன்றில் “கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்” என்று இருக்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்ந்த சண்டையில் இறந்த தீயன் அந்தவனின் கல் என்று அதைப் படிக்கிறார்கள். அந்தக் கற்களில் உருவம் இல்லை, எழுத்து மட்டும்தான். கி.மு. காலத்தவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கொத்துக் கொத்தாகக் கிடைத்த பல்லவர் காலக் கற்கள். இவற்றில் உருவமும் உண்டு, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வாசகமும் உண்டு. 1961இல் உருவான தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை, செங்கம் வட்டாரக் கற்களைத் தேடிப் படித்து 1972இல் நூலாகவே வெளியிட்டது. விஜயநகர, நாயக்கர் காலம் வரைக்கும் இந்த வழக்கம் தொடர்ந்தது.

எங்கள் ஊரில் இருப்பது நடுகல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆளின் நிற்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு காலை முன்வைத்துச் சண்டைக்குப் பாய்வது போல நின்று, கையில் வில்லோ வாளோ குறுவாளோ கேடயமோ இருந்தால் பெரும்பாலும் நடுகல்தான். காலடியில் ஒரு சிமிழோ கெண்டியோ சிறிதாகச் செதுக்கியிருக்கலாம், அது படையலைக் குறிப்பது. உடம்பில் அம்பு தைத்திருக்கலாம், பின்னால் மாடுகள் நிற்கலாம். பிற்காலக் கற்களில் கீழே சண்டை, நடுவில் வீரனை இரண்டு தேவமகளிர் தூக்கிச் செல்வது, மேலே சிவலோகம் என்று அடுக்கடுக்காக வரும். ஓசூர்ப் பக்கம் இந்த அடுக்குக் கற்கள் நிறைய.

பக்கத்தில் ஒரு பெண் நின்றால் அவள் உடன்கட்டை ஏறிய மனைவியாக இருக்கலாம். வளையல் அணிந்த உயர்த்திய கை தனியாக இருந்தால் அது சதிக்கல். தன் தலையைத் தானே அரிந்துகொள்ளும் உருவம் என்றால் நவகண்டம், அது வேறு வகை. எல்லைக்கல், சூலக்கல் என்று வேறு பல கற்களும் ஊரில் நிற்கும். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை, படம் எடுத்துத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பினால் அவர் பார்த்துச் சொல்லிவிடுவார்.

ஊர்ச் சண்டையில் செத்தவனின் கல்லைப் போர் நினைவுச் சின்னம் என்பது மிகையில்லையா?

இல்லை. அந்தக் காலத்தில் ஒரு நாட்டின் மீது படையெடுப்பதன் முதல் அடியே மாடுகளைக் கவர்வதுதான். மாடுதான் செல்வம். ஆம்பூரில் கிடைத்த இரண்டு நடுகற்கள் இதற்கு நல்ல சான்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், நுளம்பன் படை ஆமையூரில் மாட்டு மந்தையைக் கவர்ந்தபோது எதிர்த்து நின்று இறந்தவர்களுக்காக எழுந்தவை அவை. ஆமையூர்தான் இன்றைய ஆம்பூர். மந்தையைக் கவர வந்தது நாலைந்து திருடர்கள் இல்லை, ஓர் அரசனின் படை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேரரசர்களின் கோயில் கல்வெட்டுகளில் பெரிய மனிதர்களின் பெயர்கள்தான் வரும். நடுகல்லில் வருபவன் ஒரு சிற்றூரின் ஆள். அவன் அப்பன் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டுக்காக எந்த ஊர்க்காரனோடு மோதினான் என்பதெல்லாம் நாலு வரியில் வந்துவிடும். சாதாரண ஆளின் சாவை ஊர் பெயரோடு குறித்து வைத்த ஆவணம் நம்மிடம் இதைப் போல் வேறில்லை. ஒரு கல் உடைந்தால் அந்த ஆளைப் பற்றிய ஒரே செய்தி போய்விடுகிறது. எனக்கு இந்தக் கற்கள்மேல் இவ்வளவு பற்று வந்ததற்குக் காரணம் இதுதான்.

நாய்க்கும் நடுகல் உண்டாமே, உண்மையா?

உண்மை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த கல் அது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்தான். கல்லில் அவன் வில்லோடும் வாளோடும் நிற்கிறான், காலடியில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாய்க்கென்று தனியாக வாசகம் வெட்டியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் அது சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருஷம் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது என்றால் அதற்கு அந்த உளிக்காரர்தான் காரணம்.

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம் ஆதகூரில் காளி என்ற வேட்டை நாய்க்கு வைத்த கல் இருந்தது. காட்டுப்பன்றியோடு மோதி இறந்த நாய் அது. அந்தக் கல்லின் வாசகத்தில்தான் 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தனைக் கங்க மன்னன் பூதுகன் கொன்ற செய்தியும் வருகிறது. சோழர் வரலாற்றின் பெரிய திருப்பம் ஒன்றுக்குச் சான்று, ஒரு நாயின் நினைவுக்கல்லில் இருக்கிறது. இன்று அது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கும் கல் உண்டு.

எழுத்து இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை. என்ன செய்வது?

வட்டெழுத்து இன்றைய தமிழ் எழுத்தைப் போல இருக்காது, பழகாத கண்ணுக்கு வெறும் கோடுகளாகத் தெரியும். அதனால் படிக்க முயல்வதற்கு முன் நல்ல படம் எடுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் எழுத்தே தெரியாது. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். இன்னும் நல்ல வழி, இருட்டிய பிறகு ஒருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் படம் எடுப்பது. முதலில் இடப்பக்கமிருந்து, அப்புறம் வலப்பக்கமிருந்து, மேலிருந்து என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றி எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த கோடு அடுத்ததில் தெரியும்.

எழுத்துப் பள்ளத்தில் சாக்பீஸ் தேய்ப்பதையும் மாவு தடவுவதையும் விட்டுவிடுங்கள். நாம் எழுத்து என்று நினைத்துத் தேய்ப்பது வெடிப்பாக இருக்கும், அடுத்து வருபவர் அதையே எழுத்தென்று படிப்பார். ஆணியால் கீறித் தெளிவாக்குவது என்பது கல்வெட்டையே திருத்தி எழுதுவதற்குச் சமம்.

முறையாகச் செய்பவர்கள் மைப்படி எடுப்பார்கள். கல்லைத் தண்ணீர் விட்டு மெதுவாகத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் படியவைத்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்க வைப்பார்கள். தாள் சற்றே உலர்ந்ததும் துணிப்பொதியில் மையைத் தொட்டு மேலாக ஒற்றுவார்கள். மேடெல்லாம் கறுப்பாகும், பள்ளத்தில் இறங்கிய இடம் வெள்ளையாகவே நிற்கும். தாளை உரித்து எடுத்தால் கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. பக்கத்தில் நின்று பார்த்தால் வியப்பாக இருக்கும், வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த கல்லிலிருந்து ஒரு ஆளின் பெயர் வெளியே வரும். ஆனால் இது பயிற்சி வேண்டிய வேலை. தொல்லியல் துறையினரோ கல்வெட்டுப் பயிற்சி பெற்றவர்களோ செய்யட்டும்.

வாசகத்தில் “கோவிசைய” என்று தொடங்கினால் பின்னால் வருவது அரசன் பெயர், “பருமற்கு” என்றால் வர்மனுக்கு. அதற்குப் பிறகு வரும் எண் அவனது ஆட்சியாண்டு. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். “தொறு மீட்டுப் பட்டான் கல்” என்று முடிந்தால் உங்கள் கல்லின் கதை பாதி தெரிந்துவிட்டது.

நூறு வருஷத்துக்கு மேல் பழையது என்றால் தானாகவே சட்டப் பாதுகாப்பு வந்துவிடுமா?

வராது. பலரும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், அதனாலேயே கற்கள் போகின்றன.

தொன்மைச் சின்னங்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாடு அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டு என்பது ஒரு சின்னம் பாதுகாப்புக்குத் தகுதி பெறுவதற்கான வரம்புதான். அதற்கு மேல் அரசு முறைப்படி அறிவித்தால்தான் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாகும். மத்திய அரசு அறிவித்த சின்னம் என்றால் சுற்றிலும் 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2010 திருத்தத்தில் வந்த கடுமை இது.

ஆனால் வயல்வெளியில் நிற்கும் நடுகற்களில் மிகப் பெரும்பாலானவை எந்த அறிவிப்பிலும் இல்லை. அரசைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆயிரக்கணக்கான கற்கள் தனித்தனியாகச் சிதறி நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் வேலி போட்டுக் காவலர் போட எந்தத் துறையாலும் முடியாது. இதுவரை இந்தக் கற்களைக் காத்தது ஊர்தான், குறிப்பாக வழிபாடுதான். சாமியாக இருக்கும் கல்லை யாரும் பெயர்க்கத் துணிவதில்லை. வழிபாடு நின்றுபோன கற்கள்தான் துணி துவைக்கவும் வாய்க்கால் பாலத்துக்கும் போயிருக்கின்றன.

அறிவிப்பு இல்லாத கல்லுக்குச் சட்டமே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை விற்கும் தொழில் செய்ய முடியாது, தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது.

பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தால் என் நிலம் போய்விடுமா? சாமி கும்பிடவும் விடமாட்டார்களா?

அறிவிப்பதாலேயே நிலம் அரசுக்குப் போய்விடாது. அரசு நிலத்தைக் கையகப்படுத்த விரும்பினால் அது தனி நடவடிக்கை. அறிவிப்புக்கு முன் ஆட்சேபம் சொல்ல அவகாசமும் தருவார்கள். நடந்துவரும் வழிபாடும் தொடரலாம், ஆனால் கல்லைச் சேதப்படுத்தாமல், புதிதாகக் கட்டாமல்.

கட்டுமானக் கட்டுப்பாடு உண்மையான சங்கடம்தான், மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே கல் இருப்பவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அறிவிப்பு வேண்டாம் என்று ஊர் நினைத்தாலும் கல்லைப் பதிவு செய்யலாம். இரண்டும் வேறு வேறு.

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கல் கிடைத்தது. சொன்னால் வேலை நின்றுவிடுமே?

சொல்லத்தான் வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது, மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை உண்டு. நடைமுறையில் விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும், அவர்கள் மேலே அனுப்புவார்கள்.

சொல்வதற்கு முன் ஜேசிபியை நிறுத்துங்கள். வாளியின் பல் ஒரு தடவை பட்டால் எழுத்து வரி முழுதும் சிதறிவிடும். கல் எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, பக்கத்தில் பானை ஓடு ஏதும் இருந்ததா என்பதைப் படம் எடுத்து வையுங்கள். கல்லைத் தூக்கிய பிறகு இதையெல்லாம் திரும்பப் பார்க்க முடியாது.

வருஷா வருஷம் பெயின்ட் அடித்து அலங்காரம் செய்கிறோம். அது தப்பா?

பக்தியில் செய்வதைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எனாமல் பெயின்ட் கல்லுக்குக் கெடுதல், அதை நிறுத்த வேண்டும் என்று உறுதியாகவே சொல்வேன். பல்லவர் காலக் கற்களில் எழுத்துக் கோடு ஆழமாக இருக்காது, நகத்தால் தடவினால்தான் உணர முடியும். அந்தப் பள்ளத்தில் ஒரு பூச்சு இறங்கினாலே பாதி நிரம்பிவிடும், வருஷத்துக்கொரு பூச்சு என்றால் சில வருஷங்களில் வாசகமே காணாமல் போகும். முகத்துக்குக் கண்ணும் மீசையும் வரைகிறேன் என்று பெயின்டர் புதிதாகக் கோடு போட்டால், சிற்பி செதுக்கிய முகம் எது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

சிமென்ட் பீடமும் அப்படியே. பீடம் கட்டும்போது கல்லின் அடிப்பாகம் அரை அடியோ முக்கால் அடியோ உள்ளே போய்விடும். அங்கேதான் சிமிழும் நாயும் சில சமயம் கடைசி எழுத்து வரியும் இருக்கும். கல் சாய்கிறது என்றால் அடியில் மண்ணையும் சிறு கற்களையும் இறுக்கி நிமிர்த்துங்கள். அதுவும் தொல்லியல் அலுவலர் பார்த்த பிறகு. டைல்ஸ் ஒட்டுவது, கிரானைட் பலகைக்குள் பதிப்பது வேண்டவே வேண்டாம்.

விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் ஊற்றினால் தூசி ஒட்டிக் கறுத்துத் தடித்த படலமாகிவிடும். கும்பிடாமல் இருக்கச் சொல்லவில்லை. பூ போடுங்கள், வேட்டி சாத்துங்கள், விளக்கைக் கல்லுக்கு இரண்டடி முன்னால் ஏற்றுங்கள், மஞ்சள் குங்குமத்தைப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் வைத்து அதற்கு வையுங்கள். இந்த ஏற்பாட்டைப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள். “பெயின்ட்டுக்குக் கீழே நம்ம சாமியோட பேர் இருக்கு” என்று சொன்னால் இன்னும் சீக்கிரம்.

ஏற்கெனவே பூசிய பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரம் எல்லாமே கல்லின் மேல்தோலை எடுத்துவிடும். வெறும் தூசி என்றால் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். மற்றதைத் துறையின் இரசாயனப் பாதுகாப்புப் பிரிவினர் செய்யட்டும்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுவது நல்லதல்லவா?

முதல் வழி அதுவல்ல, கடைசி வழி. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நல்ல நடுகற்கள் இருக்கின்றன. அவற்றில் பல அங்கே வந்திராவிட்டால் இன்று இருந்தே இருக்காது. உடைந்தது, திருட்டுப் பயம் உள்ளது, அணைக்குள் மூழ்கப் போகிறது என்றால் கொடுத்துவிடுவதே சரி.

ஆனால் நின்ற இடத்தில் நிற்கும் கல்லுக்கு இடமே பாதிப் பொருள். எந்தப் பாதையைப் பார்த்து நிற்கிறது, பக்கத்தில் ஏரியா கணவாயா, மாடுகளை ஓட்டிக்கொண்டு போன வழி எது என்பதெல்லாம் இடத்தில்தான் தெரியும். கூடத்தில் சுவரோரம் பதினெட்டாவதாக நிற்கும்போது அது தெரியாது. ஊருக்கும் அதன் மேல் இருந்த உரிமை உணர்ச்சி போய்விடும். ஊர் காக்கத் தயாராக இருந்தால் கல் ஊரிலேயே இருக்கட்டும்.

சாலையை அகலப்படுத்தக் கோடு போட்டுவிட்டார்கள். கல் நடுவில் வருகிறது.

உடனே கோட்டாட்சியருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் எழுதுங்கள், சாலைத் துறைப் பொறியாளருக்கு நகல் கொடுங்கள். கோட்டைச் சற்றே நகர்த்த முடியுமா என்று முதலில் கேளுங்கள், பல இடங்களில் முடியும். முடியாது என்றால் துறையினர் முன்னிலையில் பெயர்த்து, அதே ஊரில், முடிந்தவரை அதே திசை பார்த்து நடச் சொல்லுங்கள். பழைய இடத்தைப் பெயர்ப்பதற்கு முன்பே அளந்து படம் எடுத்துவிட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்களே கயிறு கட்டி இழுப்பதில்தான் பல கற்கள் இரண்டாக உடைந்திருக்கின்றன.

கல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்கிறார்களே?

இல்லை. நடுகல் நினைவுக்கு நட்டது, புதையலுக்கு அடையாளமாக வைத்ததல்ல. இந்த நம்பிக்கையால் அடியில் பள்ளம் பறித்துச் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். பள்ளம் கண்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

முதல் உலகப் போருக்குப் போனவர்களின் கல்வெட்டு எங்கள் ஊரில் உள்ளது. அதுவும் இதில் சேருமா?

சேரும். 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று சொல்லும் பலகைகளை ஆங்கில அரசு இந்தியாவில் பல ஊர்களில் பதித்தது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் அப்படியொன்று இருக்கிறது. போர் முடிந்த சில ஆண்டுகளில் பதித்தவை என்றால் அவையும் நூறு ஆண்டை எட்டிவிட்டன. சுவரில் பதித்த சின்னப் பலகை என்பதால் சுண்ணாம்பு அடிக்கும்போதும் கட்டடத்தை இடிக்கும்போதும் சத்தமில்லாமல் போய்விடுகின்றன. அவற்றில் எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. ஊரில் அந்தக் குடும்பங்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதி வைப்பது நல்லது.

பதிவு செய்வதென்றால் என்னென்ன எழுத வேண்டும்?

ஊர், வட்டம், சர்வே எண், செல்போனில் கிடைக்கும் ஜிபிஎஸ் புள்ளி, நிலம் யாருடையது, கல்லின் உயரம் அகலம் கனம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது. முன்பக்கம், பின்பக்கம், இரு ஓரங்கள், எழுத்துப் பகுதி, சுற்றுப்புறத்தோடு தூரத்திலிருந்து ஒன்று என்று படங்கள். ஒரு படத்திலாவது பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். கல்லைச் சுற்றிவந்து ஐம்பது, அறுபது படம் எடுத்தால் அவற்றைக் கொண்டு கணினியில் முப்பரிமாண உருவமே செய்துவிடலாம். பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு அந்த நகரத்துக் கல்வெட்டுகளை இப்படி முப்பரிமாணத்தில் பதிவு செய்துவருகிறது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள்கூட அதில் படிக்கக் கிடைக்கின்றன.

அப்புறம், ஊர்க் கதை. கல்லுக்கு என்ன பெயர், எந்தக் குடும்பம் முதல் பொங்கல் வைக்கிறது, எந்த மாதம் திருவிழா, யார் சொன்ன கதை என்று அப்படியே எழுதுங்கள். கல்வெட்டோடு கதை பொருந்தாவிட்டாலும் திருத்தாமல் எழுதுங்கள்.

இணையத்தில் போடும்போது ஒரு எச்சரிக்கை. ஒதுக்குப்புறத்தில் காவலின்றி நிற்கும் கல் என்றால் சரியான ஜிபிஎஸ் புள்ளியைப் பொதுவில் வெளியிட வேண்டாம். அதைத் துறைக்கு மட்டும் கொடுங்கள்.

மனு கொடுத்தோம், பதிலே இல்லை. அடுத்து என்ன?

முதல் மனுவை மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கிருந்து தொடங்குங்கள். நகலை சென்னை எழும்பூரில் உள்ள தொல்லியல் துறை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தனி ஆளின் மனுவைவிட ஊராட்சியின் தீர்மானத்துக்குக் கனம் அதிகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. “எங்கள் ஊரில் இன்ன சர்வே எண்ணில் உள்ள நடுகல்லைத் தொல்லியல் துறை ஆய்வு செய்து பதிவு செய்ய வேண்டும், ஆய்வு முடியும் வரை யாரும் பெயர்க்கவோ பூசவோ கூடாது” என்று இரண்டே வரியில் தீர்மானம் போட்டால் போதும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், நாளை சாலைக்காரரோ கல் குவாரிக்காரரோ வந்தாலும் கல் இருந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது.

அதற்கும் அசைவில்லை என்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் கடிதத்தில் கோப்பு எண் இருக்கும், அடுத்தடுத்த கடிதங்களில் அந்த எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.